மலர்விழி மேடத்தின் கண் டிபார்ட்மென்ட்

மலர்விழி மேடத்தைப் போல ஓர் ஆளை நெய்வேலி இதுவரை பார்த்ததில்லை. சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத எந்திரம் இருக்கிறதே, ஒரு தெருவையே வாயில் போட்டு மெல்லக்கூடியது, அதுகூட மேடம் போய் நின்று "இன்னா சத்தம் அங்க?" என்று கேட்டால் சக்கரத்தை மடக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடும். கோடி வருஷமாகப் பூமிக்கடியில் தூங்குகிற பழுப்பு நிலக்கரி, தான் எந்த மரத்துக்குப் பிறந்தோம் என்கிற குடும்ப ரகசியத்தை அவரிடம் மட்டும் சொல்லும். எய்ட்ஸ் கிருமி கடலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு முன்னால் மேடத்திடம்தான் டிக்கெட்டைக் காட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேடம் ஐந்தடிக்குக் குறைவு. தெருநாய் என்றால் பயம். சிரிப்பு அவருக்கு எப்போதும் லேட்டாகத்தான் வரும். வகுப்பே சிரித்து முடித்து வாயை மூடுகிற நேரத்தில் அவர் தனியாக ஆரம்பிப்பார்.

பிறந்தது குறிஞ்சிப்பாடி. அப்பா கலியமூர்த்தி நெல் மண்டியில் எடை போட்டவர். பெண்ணைச் சமூகப்பணி படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் ஜீப் வந்து வாசலில் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ, கிடைத்தது அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஓர் அறை. கதவின் மேல் 'நம்பிக்கை மையம்' என்று எழுதியிருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற இடம். மேடம் அங்கே ஆலோசகர். கான்ட்ராக்ட் வேலை. மார்ச் மாதம் வந்தால் வேலை இருக்குமா போகுமா என்று சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருகிற அதே கவலை அவருக்கும் வரும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், கிருமி எப்படி வரும், எப்படி வராது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி.

அப்படித்தான் ஓர் ஆடி மாதத்தில் சசிகுமாரின் பதினோராம் வகுப்புக்கு வந்து மாட்டிக்கொண்டார்.

சசிகுமார் சுரங்கத்து நிரந்தர ஊழியர் மருதாசலத்தின் மகன். பள்ளியில் பாதி நாள் வகுப்புக்குள் இருப்பான், மீதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்பான். தலைமையாசிரியரின் நாற்காலிக்குக் கீழே செல்போனை ஒளித்துவைத்துச் சுரங்கத்து ஷிஃப்ட் சங்கு போல ஊத வைத்தவன். மேடம் ஒரு விளையாட்டு நடத்தப் போகிறார் என்று முந்தின வாரமே பக்கத்துப் பள்ளிப் பையன்கள் சொல்லியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர். ஒரே ஒரு கப்பில் மட்டும் யாருக்கும் தெரியாமல் சுண்ணாம்புத் தெளிவு. பிள்ளைகள் ஒருவர் கப்பிலிருந்து ஒருவர் கப்புக்குக் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள வேண்டும். கடைசியில் மேடம் மஞ்சள் தண்ணீர் விடுவார். சுண்ணாம்பு கலந்த கப் எல்லாம் சிவக்கும். ஒருவரிடம் இருந்தது எத்தனை பேருக்குப் போயிற்று பாருங்கள் என்பார்.

தண்ணீர் டிரம்மைத் தூக்கி வருகிற வேலையைச் சசி கேட்டு வாங்கிக்கொண்டான். பெட்டிக்கடையில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பொட்டலம் வாங்கி, டிரம்முக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக் கலக்கி, தெளிய வைத்துக் கொண்டுவந்தான். தன் கப்பில் மட்டும் சொந்த பாட்டில் தண்ணீர். யாருடனும் மாற்றாமல் சும்மா பாவலா காட்டுவது, வகுப்பே சிவந்ததும் பெஞ்சு மேல் ஏறி, "இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான் யோக்கியன்!" என்று கத்துவது. இதுதான் திட்டம்.

மேடம் முதலில் பாடம் நடத்தினார். பாதுகாப்பில்லாத உறவு, சோதிக்காத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்புறம் ஊசி. திருவிழாவுல போயி பச்ச குத்திக்கிறீங்களே, முன்னாடி ஆளுக்குக் குத்துன அதே ஊசியில. அதுலயும் ஆபத்து இருக்கு" என்றார்.

சசிக்கு டிரம்மின் மேல்தான் கண். அந்த வாக்கியம் காதில் விழுந்தும் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

பிள்ளைகள் மாற்றி மாற்றி ஊற்றி முடித்ததும் மேடம் மஞ்சள் தண்ணீர் விட்டார். முதல் பெஞ்சு ஆரத்தித் தட்டாகச் சிவந்தது. இரண்டாவது பெஞ்சு. மூன்றாவது. இசைப்பிரியா என்கிற பெண் கப்பைக் கீழே போட்டுவிட்டு, "மேடம், எனக்கு வந்துருச்சா? எனக்கு வந்துருச்சா?" என்று அழ ஆரம்பித்தாள். சசி பெஞ்சு மேல் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கிவிட்டுத் தன் கப்பைப் பார்த்தான்.

அதுவும் சிவப்பு.

அவன் ஊற்றியது வீட்டுத் தண்ணீர். யாருடனும் மாற்றவில்லை. சுண்ணாம்பு இல்லை. ஆனாலும் சிவப்பு. வாசலில் நின்றிருந்த அந்த வாக்கியம் அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தது.

பங்குனி உத்திரத் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை குத்துகிற கடை. ஸ்டூலில் அவனுக்கு முன்னால் யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். கையில் ரத்தம் துளிர்க்கத் துளிர்க்கக் கடைக்காரன் ஒரு துணியால் துடைத்தான். அடுத்தது சசி. ஊசி மாறவில்லை. துணியும் மாறவில்லை. சட்டையை இறக்கித் தோளைக் காட்டி, "புலி போடுண்ணே" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வகுப்பின் முன்னால் மேடம் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அழுவாத, அழுவாத! இது வெறும் மஞ்சளும் சுண்ணாம்பும். எவனோ டிரம்முல கைய வெச்சிருக்கான். யாருக்கும் ஒண்ணும் இல்ல." வகுப்பு ஆசுவாசமாகிச் சிரித்தது. சிரித்து முடித்தது. அப்புறம் மேடம் சிரித்தார். சசி மட்டும் ஒரு காலைப் பெஞ்சு மேல் வைத்தபடியே நின்றான்.

விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்புதான் கப்பில் கரைந்தது என்று சாயங்காலத்துக்குள் அவன் புத்தி கண்டுபிடித்துவிட்டது. வயிறு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று முதல் அவன் வேறு ஆள். கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தான். வாயில் ஒரு புண் வந்தது. மழையில் நனைந்து ஒரு காய்ச்சல் வந்தது. வேறு பையனுக்கு வந்தால் அது வெறும் காய்ச்சல். ரேஷன் கடைத் தராசில் ஏறி நின்றான். எடை குறைந்திருந்தது. சாப்பிடாவிட்டால் குறையத்தானே செய்யும் என்று யார் அவனுக்குச் சொல்வது?

தட்டு, தம்ளரால் வராது என்று மேடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். ஆனாலும் வீட்டில் தட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான். அவன் பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கப் போன தங்கை ஹரிணியின் கையைத் தட்டிவிட்டான். அவள் அழுதாள். அவள் தூங்கிய பிறகு அவளுடைய ஸ்கூல் பையில் கடலை மிட்டாய் வைத்தான், காகிதத்தோடு, தன் கை படாமல்.

டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்று மேடம் வகுப்பில் சொல்லியிருந்தார். யார் வந்தார்கள் என்று வெளியே சொல்லவே மாட்டோம் என்றும் சொல்லியிருந்தார். இரண்டாவதைச் சசி நம்பவில்லை. ஒரு பிளாக்கில் சர்க்கரை கடன் வாங்கினால் அடுத்த பிளாக்கில் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிற ஊர் இது.

அதனால் மேடத்தை வேவு பார்க்கக் கிளம்பினான். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறி அவருக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தான்.

பக்கத்தில் இருந்த அம்மாள், "ஆஸ்பத்திரிலதான வேல செய்யற? எந்தப் பக்கம்?" என்றாள்.

"கண்ணு டிபார்ட்மென்ட்டுங்க" என்றார் மேடம், கண்ணே கொட்டாமல்.

சசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்சீட்டில் இருந்த பெரிய மீசைக்காரர் ஒருவர் திரும்பினார். "ஏம்மா, அந்த பில்டிங்குலதான எய்ட்ஸ் டெஸ்டும் பாக்கறாங்க? எங்க தெருக்காரன் ஒருத்தன் அங்க வந்துகினு போயிகினு இருக்கானாமே, நீ பாத்திருப்பியே?"

சசி மூச்சை நிறுத்தினான்.

"நமக்கு கண்ணு மட்டுந்தாங்க தெரியும்" என்றார் மேடம். பிறகு மீசைக்காரர் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க கண்ணு இன்னா இப்பிடி மஞ்சளா கீது? லேட் பண்ணாதீங்க, ஒரு நா வந்து காட்டுங்க."

மீசைக்காரர் குறிஞ்சிப்பாடி வரைக்கும் டிரைவர் கண்ணாடியில் எட்டி எட்டித் தன் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்தப் பொய்யின் கதை சசிக்குப் பின்னால்தான் தெரிந்தது. எய்ட்ஸ் ஆபீஸில் வேலை என்று தெரிந்ததும், மேடத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் கையில் வாங்காமல் எழுந்து போனார்கள். ஒருமுறை அல்ல. கடைசியில் கட்டிக்கொண்டவர் வீட்டில் மாமியார் கஸ்தூரியம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "வேலைக்குப் போ, நா தடுக்கல. தெருவுல கேட்டா மட்டும் கண்ணு டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லு." அன்றிலிருந்து மேடம் பஸ்ஸில், கல்யாண வீட்டில், மளிகைக்கடையில் எல்லாம் கண் டிபார்ட்மென்ட். தெருக்காரர்கள் கண்ணாடி நம்பரைக் கொண்டுவந்து காட்டி ஆலோசனை கேட்பார்கள். கேரட் சாப்பிடச் சொல்லி அனுப்புவார்.

பஸ்ஸில் சசிக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கியது. இந்த அம்மா வாயைத் திறக்காது.

சரி. அடுத்தது அப்பா. அப்பாவிடம் சொல்வது நடக்கிற காரியமில்லை. மருதாசலம் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும்போது செருப்புச் சத்தம் கேட்டாலே அவர் போடுகிற கூச்சலில் சுவர் நடுங்கும். ஆகவே சசி ஓர் அப்பாவை ஏற்பாடு செய்தான்.

மந்தாரக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தங்கராசு. சசியோடு கிரிக்கெட் ஆடுகிறவன். முன்தலையில் முடி குறைவு, அதுதான் அவனுடைய தகுதி. என்ன டெஸ்ட் என்று சசி சொல்லவில்லை. "ஸ்கூலுக்கு ரத்த டெஸ்ட்டுண்ணே. அப்பான்னு சொல்லி ஒரு கையெழுத்து போதும்" என்றான். தங்கராசு கல்யாணத்துக்குப் போகிற வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நம்பிக்கை மையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மலர்விழி மேடம். இந்தப் பக்கம் மாஸ்க்கோடு சசி, விபூதியோடு தங்கராசு.

"பேரு?"

"பிரவீன்குமார்" என்றான் சசி, குரலை மாற்றி.

"நீங்க?"

"நான் பெத்த அப்பங்க" என்றான் தங்கராசு. "இவன் பொறந்தப்ப நான்தாங்க மொதல்ல தூக்குனது. மூணு கிலோ. ரொம்ப செல்லமா வளத்துட்டேன், சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கறான்."

மேடம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்லதுங்க. வந்தது வந்துட்டீங்க, உங்களுக்கும் சேத்து எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடலாமா? பயப்பட ஒண்ணுமில்ல, ரகசியமாத்தான் இருக்கும்."

தங்கராசுவின் வேட்டி முதலில் எழுந்தது, பிறகு அவன். "எச்... ஐயோ மேடம்! நான் இவனுக்கு அப்பனே இல்லீங்க! எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல! டேய், பாவி, ரத்த டெஸ்ட்டுன்னுதானடா சொன்ன?" வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

சசி மாஸ்க்கைக் கழற்றினான். கழற்றியது பேசுவதற்காக. ஆனால் உதடு கோணிக்கொண்டு போயிற்று. தோள் பக்கம் கையைக் காட்டினான். திருவிழா, ஸ்டூல், துணி என்று துண்டு துண்டாகச் சொன்னான்.

மேடம் சிரிக்கவில்லை. லேட்டாகவும் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பங்குனியிலதான? மூணு மாசத்துக்கு மேல ஆயிடுச்சி. அப்ப இப்ப எடுத்தா தெளிவாவே தெரிஞ்சிடும். பச்ச குத்தி வரது ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மஞ்சக்காமாலக் கிருமியும் அதே ஊசியில வரலாம், அதையும் பாத்துடணும். இருக்குன்னே வந்தாலும் மாத்திரை இருக்கு, போட்டுகினு எத்தினியோ பேரு வேலைக்குப் போறாங்க, புள்ளகுட்டியோட இருக்காங்க. எனக்குத் தெரியும். ஆனா அம்மா, அப்பா ரெண்டு பேருல ஒருத்தர் வரணும். சொந்த அப்பா."

"அம்மா செத்துருவாங்க மேடம்."

"சாவ மாட்டாங்க."

"உங்களுக்கு எங்க அம்மாவத் தெரியாது."

"தெரியாதுதான். நீதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. கூட்டிகினு வா. வந்த பிற்பாடு நான் இருக்கேன்."

அதற்குப் பிறகு சசி வீட்டுக்குப் போக எடுத்துக்கொண்ட வழி, நெய்வேலியில் இருக்கிற எல்லாத் தெருவையும் தொட்டது. புளியமரம் புளியமரமாக நின்றான். அனல்மின் நிலையத்துப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இருக்கிறது என்று வந்தால்? ஹரிணியை யாராவது ஏதாவது சொல்வார்களா? கேண்டீனில் அப்பா உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்திருப்பாரா? தான் இல்லாமல் போவதைவிட இதை நினைத்தால்தான் அவனுக்குக் குளிர் எடுத்தது.

அம்மா புவனா சமையலறையில் தோசை மாவில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சசி சட்டையை இறக்கித் தோளைக் காட்டினான்.

"இதென்றா இது? பெருச்சாளி?"

"புலிம்மா."

முதுகில் ஓர் அறை விழுந்தது. பத்தொன்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்தும், கோபம் வந்தால் மட்டும் அவளுக்குக் கோயமுத்தூர்ப் பேச்சு வரும். "அப்பன் பாத்தா தோலை உரிச்சுப் போடுவாரு, தெரியுமில்ல?" அவன் நகரவில்லை. அழவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். "என்ன கண்ணு? சொல்லு."

சொன்னான். அவள் கை மாவுக்குள் அப்படியே நின்றது. குக்கர் விசில் அடித்தது, யாரும் அணைக்கவில்லை. அவள் அலமாரியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தட்டைப் பார்த்தாள்.

"இத்தன நாளா அந்தத் தட்டு அதுக்குத்தானா?"

தலையசைத்தான்.

அவள் அந்தத் தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டாள். தன் தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தாள். "வாயைத் தொற" என்றாள். பதினாறு வயதுத் தடியனுக்கு ஊட்டிவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா சம்மதம் சொன்னாள். டெக்னீஷியன் புது ஊசியின் உறையை அவர்கள் கண்முன்னால் கிழித்தார். ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அந்தப் பெஞ்சில் இருந்த நேரத்தைப் பற்றிச் சசி யாரிடமும் சொன்னதில்லை. சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் கெட்டது என்று பந்தயம் கட்டினான். அசையவில்லை. பந்தயத்தை மாற்றினான், அசையாவிட்டால்தான் நல்லது என்று. உடனே அசைந்தது. ஒரு நர்ஸ் இவனைப் பார்த்துவிட்டு வேகமாக உள்ளே போனாள். ஏன் பார்த்தாள்? ஏன் வேகமாகப் போனாள்? அம்மா எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. எந்தச் சாமியிடம் என்னவென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

கதவு திறந்தது. "உள்ள வாங்க" என்றார் மேடம். அவர் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. அறையில் ஒரு நாற்காலியில் மேடத்தின் கைப்பை இருந்தது. சசி அதை எடுத்து, வாரைப் பிடித்தபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவர் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கண்ணாடியை ஏன் இப்போது துடைக்க வேண்டும்?

"சசிகுமார், உனக்கு எச்.ஐ.வி. இல்ல" என்றார். "மஞ்சக்காமாலயும் இல்ல."

புவனா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். முதுகு மட்டும் குலுங்கியது. சசிக்குக் காது அடைத்திருந்தது. காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று ஒருமுறை மிதித்துப் பார்த்தான். இருந்தது. மூச்சு திரும்பி வந்தது. மூச்சோடு சேர்ந்து பழைய சசியும் வந்துவிட்டான்.

"எனக்கு மொதல்லயே தெரியும் மேடம்" என்றான், காலை நீட்டிக்கொண்டு. "நான் பயப்படவே இல்ல. அம்மாதான் சும்மா பயந்துகிட்டாங்க. அவங்க மனசு சமாதானத்துக்குத்தான் வந்தேன்."

மேடம் அவனைப் பார்த்தார். பிறகு அவன் மடியைப் பார்த்தார்.

"அப்பிடிங்களா சார்?" என்றார். "அப்ப என் பையோட வார எதுக்கு ரெண்டா பிச்சி கையில சுத்தி வெச்சிகினு கீறீங்க?"